டிஸ்க்பார்ட்டில் கிளீன் கொடுத்தபின் எழ மறுக்கும் மடிக்கணினி

12 ஜனவரி 2025, இரவு 8.15 (கேள்வி)

ஐயா, முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். மடிக்கணினி மிகவும் மெதுவாக இயங்கியதால் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவ எண்ணி, ஒரு காணொளியைப் பார்த்துப் பென் டிரைவ் தயாரித்தேன். நிறுவும் திரையில் ஷிஃப்ட், எஃப்10 விசைகளைச் சேர்த்து அழுத்தி, வட்டுகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவிக்குள் சென்று, டிஸ்க் 0-வைத் தேர்ந்து கிளீன் கொடுத்தேன். இப்போது இயக்கினால் பூட் செய்வதற்குச் சாதனம் எதுவும் இல்லை என்ற ஒரே வரி வருகிறது. கடையில் காட்டினேன். கோப்புகளைச் சேமிக்கும் வட்டான எஸ்எஸ்டியே தெரியவில்லை, மதர்போர்டு போய்விட்டது, 14,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மதர்போர்டை மாற்றாமல் மீட்க வழி உண்டா? என் ஆய்வேட்டின் இரண்டு இயல்கள் அதில்தான் இருந்தன.

12 ஜனவரி 2025, இரவு 9.40

தம்பி, கிளீன் என்ற கட்டளையால் மதர்போர்டு கெடுவதில்லை. அந்தக் கட்டளை வட்டில் எழுதியிருப்பதை மட்டுமே தொடுகிறது. பலகையில் எதையும் தொடுவதில்லை. இயக்கியதும் திரை ஒளிர்ந்து, எழுத்துகள் தெரிந்து, பூட் சாதனம் இல்லை என்று உங்களுக்கு அது சொல்கிறது என்றால், செயலி, நினைவகம், திரை ஆகிய மூன்றும் வேலை செய்கின்றன என்றே பொருள். தேடிய இடத்தில் விண்டோஸைக் காணாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

இன்றிரவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மின்பொத்தானை அழுத்தியவுடன் எஃப்2 அல்லது டெலீட் விசையை விட்டு விட்டுத் தட்டிப் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் சென்று, சேமிப்பகப் பட்டியலில் எஸ்எஸ்டியின் பெயரும் கொள்ளளவும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் மதர்போர்டைப் பற்றிய பேச்சை அத்துடன் நிறுத்திவிடலாம்.

மீண்டும் விண்டோஸை நிறுவ முயல வேண்டாம். இரண்டு இயல்களும் உங்களுக்கு வேண்டும் என்றால், அந்த எஸ்எஸ்டியின்மேல் இனி ஒரு பைட்கூட எழுதப்படக் கூடாது. கிளீன் உங்கள் கோப்புகள் எதையும் அழிப்பதில்லை. வட்டின் எந்தப் பகுதி (பகுப்பு) எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற அட்டவணையை மட்டுமே அழிக்கிறது. அந்த அட்டவணையைத் திரும்ப எழுத முடியும்.

12 ஜனவரி 2025, இரவு 9.55

சேர்க்க மறந்தது: பென் டிரைவிலிருந்து ஸ்டார்ட்அப் ரிப்பேர் என்ற விண்டோஸின் பழுதுபார்க்கும் வசதியை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். பயனில்லை. பகுப்புகள் இருந்தால்தான் அது எதையாவது சரிசெய்யும். உங்கள் வட்டு அதன் கண்ணுக்கு வெற்று வட்டு.

13 ஜனவரி 2025, காலை 6.30

இரவு தூக்கம் வரவில்லை. 2022-இல் இதே தவற்றை நான் செய்தேன். அதை முழுமையாக எழுதினால் உங்களுக்கு உதவும் என்று தோன்றுகிறது.

என் மடிக்கணினியில் இரண்டு வட்டுகள் இருந்தன. விண்டோஸ் இருந்த 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க் மற்றொன்று. பழைய வட்டை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாகப் பயன்படுத்த நினைத்தேன். விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போது டிஸ்க்பார்ட்டில் அதைச் செய்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஏனென்றால் தான் பூட் ஆன வட்டின்மேல் கிளீன் கட்டளையை ஏற்க விண்டோஸ் மறுத்துவிடும். நானோ வேறு ஒரு வேலைக்காக நிறுவும் பென் டிரைவில் பூட் செய்திருந்தேன். அந்த நிலையில் உள்ளே இருக்கும் எந்த வட்டுக்கும் காவல் கிடையாது.

அன்றாடம் என் கணினியில் எஸ்எஸ்டிதான் டிஸ்க் 0, ஹார்ட் டிஸ்க் டிஸ்க் 1. பென் டிரைவில் பூட் செய்த அன்று அந்த எண்கள் இடம் மாறியிருந்தன. எண்கள் நிலையானவை அல்ல என்பது எனக்கு அப்போது தெரியாது. பட்டியலில் 238 ஜிபி என்றும் 931 ஜிபி என்றும் தெளிவாகவே எழுதியிருந்தது. 256 என்று வாங்கியது 238 என்றும், 1 டிபி என்று வாங்கியது 931 என்றும் அங்கே தெரியும். வட்டு செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 என்ற கணக்கில் எண்ணுகிறது. நான் கொள்ளளவைப் படிக்கவே இல்லை. பழக்கத்தில் 1 என்று தட்டி, கிளீன் என்று தட்டினேன். இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

அந்த எஸ்எஸ்டியில் என் தந்தையார் தேவாரம் பாடிய 43 ஒலிப்பதிவுகள் இருந்தன. அவர் மறைந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. வேறு எங்கும் படி இல்லை.

உடனே விண்டோஸை நிறுவி, பிறகு ஏதேனும் மீட்பு மென்பொருளைப் போட்டுத் தேடலாம் என்று கை பரபரத்தது. என்னை நிறுத்தியது கல்லூரி ஆய்வகத்தில் பணிபுரியும் ஒரு நண்பர். தொலைபேசியில் அவர் சொன்னது: "கணினியை அணைத்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்." மறுநாள் அவர் சிஸ்டம்ரெஸ்க்யூ என்னும் லினக்ஸ் பென் டிரைவ் ஒன்றைக் கொடுத்தார். பென் டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் ஓடும். உள் வட்டுகளில் நாமாகச் சொல்லாமல் எதையும் எழுதாது. முதல் வேலையாக எஸ்எஸ்டியின் ஒவ்வொரு செக்டாரையும் (வட்டின் மிகச் சிறிய சேமிப்புக் கூறு) அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் படியெடுத்தோம். நான் துடைக்க நினைத்த அதே ஹார்ட் டிஸ்க்தான் படியைத் தாங்கியது. முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆயிற்று.

அதன்பிறகு டெஸ்ட்டிஸ்க். தொலைந்த பகுப்புகளைத் தேடி மீட்க, கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய இலவசக் கருவி அது. கறுப்புத் திரையில் எழுத்துகளாகவே இயங்கும், அழகெல்லாம் இருக்காது. வட்டைத் தேர்ந்து, அட்டவணை வகை ஈஎஃப்ஐ ஜிபிடி (இன்றைய கணினிகளின் பகுப்பு அட்டவணை முறை) என்று சொல்லி, அனலைஸ் கொடுத்து, குவிக் செர்ச் கொடுத்தோம். 100 எம்பி அளவுள்ள பூட் பகுப்பும் விண்டோஸும் கோப்புகளும் இருந்த பெரிய என்டிஎஃப்எஸ் பகுப்பும் கடைசியில் மீட்புப் பகுப்பும் வரிசையாக வந்தன. பெரிய பகுப்பில் நின்று பி விசையை அழுத்தியதும் கோப்புறைகளின் பெயர்கள் தோன்றின. "அப்பா" என்ற கோப்புறை அங்கே இருந்தது. அட்டவணையை எழுதுவதற்கு முன்பே, அந்தத் திரையிலிருந்தே, 43 பதிவுகளையும் வேறொரு வட்டுக்கு எடுத்துவிட்டோம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்: கோப்புகளை வெளியே எடுப்பது முதலில், அட்டவணையை எழுதுவது பிறகு.

13 ஜனவரி 2025, காலை 7.10

அட்டவணையை எழுதியதும் விண்டோஸ் தானாக எழுந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். தேவையான சாதனம் இணைக்கப்படவில்லை என்று சொல்லும் நீலத் திரைதான் முதலில் வந்தது. டெஸ்ட்டிஸ்க் பகுப்புகளைப் பழைய இடங்களிலேயே மீண்டும் நிறுவுகிறது. ஆனால் ஒவ்வொரு பகுப்புக்கும் புதிய அடையாள எண்ணைக் கொடுக்கிறது. விண்டோஸின் பூட் பதிவேடோ பழைய எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறது. நிறுவும் பென் டிரைவில் பூட் செய்து, கட்டளைத் திரையில் அந்த 100 எம்பி பகுப்புக்கு ஓர் எழுத்தை ஒதுக்கி, பிசிடிபூட் என்ற கட்டளையால் பூட் கோப்புகளைப் புதிதாக எழுதினேன். அடுத்த முறை இயக்கியபோது என் பழைய முகப்புத் திரை வந்தது. என் வட்டில் பிட்லாக்கர் என்ற வட்டு மறையாக்கம் இல்லை; இருந்திருந்தால் இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது.

13 ஜனவரி 2025, இரவு 10.20

நேற்று நான் எழுதியதில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். "கிளீன் உங்கள் கோப்புகள் எதையும் அழிப்பதில்லை" என்று எழுதினேன். கிளீனுக்கு மட்டும் அது பொருந்தும். கிளீன் ஆல் என்று கொடுத்தால் வட்டின் ஒவ்வொரு செக்டாரிலும் பூச்சியம் எழுதப்படும். பெரிய ஹார்ட் டிஸ்க்கில் அதற்கு மணிக்கணக்கில் ஆகும். முடிந்துவிட்டால் டெஸ்ட்டிஸ்க்குக்குத் தேட எதுவும் மிஞ்சாது. உங்களுக்கு நொடிப்பொழுதில் முடிந்ததா, நெடுநேரம் ஓடியதா என்று சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய விடுபாடும் உண்டு. ஜிபிடி அட்டவணைக்கு வட்டின் முடிவில் ஒரு படி இருக்கும், அதிலிருந்து மீட்கலாமே என்று இன்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். கிளீன் அந்தப் படியையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. ஆகையால் டெஸ்ட்டிஸ்க் அட்டவணையைத் தேடுவதில்லை. பகுப்புகளின் தொடக்கத்தில் இருக்கும் கோப்பு முறைமையின் தடயங்களைத் தேடுகிறது. அந்தத் தடயங்கள் இருக்கும் வரையில்தான் நான் கொடுத்த நம்பிக்கை செல்லும். புதிய பகுப்பை உருவாக்கி ஃபார்மட் செய்துவிட்டால் கணக்கே வேறு. ஹார்ட் டிஸ்க்கில் குவிக் ஃபார்மட் செய்தாலும் பழைய கோப்புகளின் உள்ளடக்கம் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஃபார்மட் செய்யும்போது, அந்த இடம் இனித் தேவையில்லை என்று டிரிம் கட்டளை மூலம் வட்டுக்குச் சொல்லிவிடுகிறது. அதன்பிறகு வட்டு தன் வசதிப்படி அந்த இடங்களைத் துடைத்துவிடும். நாம் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் பூச்சியங்களே வரும்.

எனவே முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போது கேட்கிறேன். கிளீன் கொடுத்தபின், நிறுவும் திரையில் நெக்ஸ்ட் பொத்தானை அழுத்தினீர்களா?

14 ஜனவரி 2025, பிற்பகல் 3.00

பொங்கல் நாளிலும் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள், நன்றி. உங்கள் மறுமொழியிலிருந்து நான் புரிந்துகொண்டவை: பயாஸில் எஸ்எஸ்டியின் பெயரும் 512 ஜிபி என்ற கொள்ளளவும் தெரிகின்றன. கிளீன் நொடியில் முடிந்தது. அதன்பிறகு நெக்ஸ்ட் அழுத்தி, கோப்புகளை நகலெடுப்பது 35 விழுக்காடு வரை சென்று, தேவையான கோப்புகளை நிறுவ முடியவில்லை என்ற பிழையுடன் நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் கடைக்குக் கொண்டுபோனீர்கள். இப்போது அதே பென் டிரைவைப் போட்டால், டிரைவ் எதுவுமே கிடைக்கவில்லை என்கிறது.

முதலில் வருத்தமான செய்தி. நெக்ஸ்ட் அழுத்திய அந்தக் கணத்தில் நிறுவி (விண்டோஸை நிறுவும் மென்பொருள்) புதிய பகுப்புகளை உருவாக்கி ஃபார்மட் செய்துவிட்டது, டிரிம் கட்டளையும் வட்டுக்குப் போய்விட்டது, அதன்மேல் விண்டோஸ் கோப்புகளும் பல ஜிபி எழுதப்பட்டுவிட்டன. என் 43 பதிவுகள் கிடைத்ததைப் போல உங்கள் இயல்கள் கிடைக்கும் என்று 12ஆம் தேதி இரவு நான் எழுதியது, நடந்ததை முழுமையாகக் கேட்டறியாமல் எழுதியது. இரண்டு நாள் உங்களை வீண் எதிர்பார்ப்பில் வைத்திருந்ததற்காக உண்மையாகவே வருந்துகிறேன். ஒருமுறை தேடிப் பார்ப்போம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். வட்டை மீட்பு நிறுவனத்துக்கு அனுப்பிப் பணம் செலவழிக்கவும் வேண்டாம். டிரிம் ஆன இடத்தை அவர்களும் படிக்க முடியாது.

14 ஜனவரி 2025, இரவு 9.15

மாலை முழுவதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். 12ஆம் தேதிக்கு முன் நிறுவியின் கண்ணுக்குத் தெரிந்த எஸ்எஸ்டி, கடைக்குப் போய் வந்தபின் தெரியவில்லை. ஆனால் பயாஸில் தெரிகிறது. இடையில் யாரோ பயாஸில் எதையோ மாற்றியிருக்க வேண்டும். காணொளியைப் பார்த்து முதலில் பயாஸில் விஎம்டி என்ற ஒன்றை நிறுத்தினீர்களா? உங்கள் மடிக்கணினியில் இருப்பது இன்டெல் 11ஆம் தலைமுறைச் செயலி என்றால், அநேகமாக இதுதான் நடந்திருக்கும்.

விஎம்டி என்பது எஸ்எஸ்டிக்கும் இயங்குதளத்துக்கும் இடையில் இன்டெல் வைத்திருக்கும் ஓர் அடுக்கு. அது இயங்கும்போது எஸ்எஸ்டியைக் காண அதற்குரிய டிரைவர் வேண்டும். விண்டோஸ் நிறுவியில் பெரும்பாலும் அந்த டிரைவர் இருப்பதில்லை. 11ஆம் தலைமுறை தொடங்கிப் பல மடிக்கணினிகள் விஎம்டி இயக்கப்பட்ட நிலையிலேயே விற்பனைக்கு வருகின்றன. கடையில் உங்கள் பயாஸைத் தொடக்க நிலைக்கு மீட்டமைத்திருப்பார்கள். நீங்கள் நிறுத்தி வைத்திருந்த விஎம்டி மீண்டும் இயங்கத் தொடங்கியிருக்கும். அவர்களுடைய பென் டிரைவிலும் வட்டு தெரியவில்லை. அதை வைத்து மதர்போர்டு என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். பயாஸின் சேமிப்பகப் பட்டியலை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் உங்களிடம் 14,000 கேட்டிருக்க மாட்டார்கள். இது என்னை உறுத்துகிறது.

வழி இரண்டு. விஎம்டியை மீண்டும் நிறுத்திவிடுவது முதலாவது. அல்லது மடிக்கணினி நிறுவனத்தின் உதவிப் பக்கத்திலிருந்து இன்டெல் சேமிப்பக டிரைவரை இறக்கி, விரித்து, அந்தக் கோப்புறையைப் பென் டிரைவில் போட்டு, நிறுவியில் லோட் டிரைவர் என்பதைக் கொடுப்பது. உங்கள் வட்டில் இப்போது இயங்கும் விண்டோஸ் எதுவும் இல்லாததால் முதல் வழியே போதும். இதைப் படிக்கும் மற்றவர்கள் கவனிக்கவும்: ஏற்கெனவே விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும் கணினியில் விஎம்டியை விளையாட்டாக மாற்றினால், விண்டோஸ் தன் பூட் வட்டை அணுக முடியாமல் நீலத் திரையில் நின்றுவிடும்.

15 ஜனவரி 2025, மாலை 5.45

விஎம்டிதான். வட்டு தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

டெஸ்ட்டிஸ்க் புதிய பகுப்புகளை மட்டுமே காட்டியது, கோப்புகளைத் தேடி மீட்கும் ஃபோட்டோரெக் கருவியை ஓட்டியதில் நிறுவி நகலெடுத்த கோப்புகள் தவிர வேறெதுவும் வரவில்லை என்ற செய்தி நான் அஞ்சியபடியே இருக்கிறது. இனி அந்த வட்டில் காத்து வைக்க எதுவும் இல்லை. தயங்காமல் புதிதாக நிறுவலாம்.

ஆனால் அந்தப் பென் டிரைவைத் தூக்கி எறியுங்கள். 35 விழுக்காட்டில் கோப்பு படிக்க முடியாமல் நின்றதற்குப் பென் டிரைவோ, அதில் எழுதிய பிரதியோதான் பெரும்பாலும் காரணம். அரிதாக நினைவகமும் காரணமாகலாம். நண்பரின் விண்டோஸ் கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள வேறொரு பென் டிரைவில் எழுதச் சொல்லுங்கள். லினக்ஸில் இருந்துகொண்டு ஐஎஸ்ஓவை (விண்டோஸ் நிறுவல் கோப்புகள் அடங்கிய ஒற்றைக் கோப்பு) திறந்து கோப்புகளை இழுத்துப் போட்டால் சரிவராது: உள்ளே இருக்கும் இன்ஸ்டால் என்ற பெரிய கோப்பு பல பதிப்புகளில் 4 ஜிபியைத் தாண்டிவிடும், பென் டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32 கோப்பு முறைமை அதை ஏற்காது.

பூட் பட்டியலில் அதே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், யுஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்று முன்னொட்டு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மற்றதைத் தேர்ந்தால் நிறுவி, ஜிபிடிக்கு முந்தைய எம்பிஆர் அட்டவணை முறையில் நடந்துகொள்ளும். பிறகு அட்டவணை வகை பொருந்தவில்லை என்று இன்னொரு பிழையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

16 ஜனவரி 2025, காலை 8.00

விண்டோஸ் சாவியைக் கடையில் விலைக்கு வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். விண்டோஸோடு விற்கப்பட்ட மடிக்கணினி என்றால், விண்டோஸ் 8 காலத்திலிருந்தே அந்தச் சாவி மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (பலகையில் பதிந்துள்ள அடிப்படை மென்பொருள்) பதிந்து வருகிறது. வட்டைத் துடைத்தாலும் அது போகாது. நிறுவி தானே அதைப் படித்து, கணினியோடு வந்த பதிப்பைத் தேர்ந்துகொள்ளும். வேறு பதிப்பை நீங்களாகத் தேர்ந்தெடுத்தால்தான் சாவி பொருந்தாமல் போகும்.

நிறுவி முடிந்ததும் இணைய இணைப்பு கேட்டு ஒரு திரையில் நிற்கும். வைஃபை டிரைவர் இல்லாததால் பட்டியல் காலியாக இருந்தால், கைப்பேசியைக் கேபிளால் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். அதற்குத் தனி டிரைவர் பொதுவாகத் தேவைப்படாது.

இதைக் கட்டாயம் செய்யுங்கள்: விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் வட்டு மறையாக்கம் தானாகவே இயங்கிவிடுகிறது. 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் கணக்கில் சேமிக்கப்படும். அதை ஒரு தாளில் எழுதி, மதிப்பெண் சான்றிதழ் வைத்திருக்கும் உறையில் வையுங்கள்.

18 ஜனவரி 2025, இரவு 7.30

புதிய விண்டோஸ் எழுந்துவிட்டது, ஆக்டிவேஷனும் ஆகிவிட்டது. பென் டிரைவின் விலை தவிர ஒரு ரூபாயும் செலவாகவில்லை. மகிழ்ச்சி.

இயல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். முதல் இயலை நவம்பரில் நெறியாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்ததால் அது முழுமையாகக் கிடைத்துவிட்டது. இரண்டாம் இயலுக்கு அவர் பென்சிலால் திருத்திக் கொடுத்த அச்சுப்படி மட்டுமே இருக்கிறது, 34 பக்கங்கள், பிப்ரவரி முதல் வாரத்தில் ஒப்படைக்க வேண்டும். பக்கங்களைப் படமெடுத்து எழுத்துணர்வு மென்பொருளில் போடலாம். தெளிவான அச்சு என்றால் தமிழ் எழுத்துகளையும் ஓரளவு நன்றாகவே எடுக்கும். பென்சில் கோடுகள் விழுந்த வரிகளில் தடுமாறும், அவற்றைக் கையால்தான் அடிக்க வேண்டும். பாதியை எனக்கு அனுப்புங்கள். பள்ளி முடிந்து மாலையில் எனக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது, நான் அடித்துத் தருகிறேன்.

19 ஜனவரி 2025, இரவு 9.05

18 முதல் 34 வரை உள்ள பக்கங்கள் வந்து சேர்ந்தன. 23ஆம் பக்கத்தின் அடிக்குறிப்பும், 29ஆம் பக்கத்தில் ஓரமாக நெறியாளர் எழுதியிருப்பதும் மங்கலாக இருக்கின்றன. பகல் வெளிச்சத்தில், தாளை மடிப்பில்லாமல் விரித்து, அந்த இரண்டை மட்டும் மீண்டும் எடுத்து அனுப்புங்கள்.